பிடித்து வைத்த படுக்கை

மருத்துவமனை நிர்வாகம் என்ற பட்டப்படிப்புக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. டாக்டருக்குப் படிக்க மார்க் போதாதவர்கள் வருவார்கள். நர்ஸ் படிப்புக்கு வீட்டில் சம்மதிக்காதவர்கள் வருவார்கள். கடைசி நாள் வரைக்கும் எங்கும் இடம் கிடைக்காமல், "இதுவும் ஆஸ்பத்திரி வேலைதான்மா, ஏ.சி. ரூம்ல உக்காந்து பாக்கலாம்" என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தவர்களும் உண்டு. முதல் வருஷம் முழுக்க அவர்கள் முகத்தில் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவர்களின் முழி இருக்கும்.

ஆசிரியைக்கு அந்த முழி பழகிப்போய்விட்டது. கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் அவளும் ஒரு ஆஸ்பத்திரியின் முன்மேசையில் பல வருஷம் உட்கார்ந்து, வருவோர் போவோரிடமெல்லாம் திட்டு வாங்கி, தொண்டை கெட்டு வெளியே வந்தவள்தான். கல்லூரியில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தாள். இங்கே தொண்டை இன்னும் அதிகமாகக் கெட்டது. போதாததற்கு, வருஷா வருஷம் சேர்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் இந்தத் துறையை மூடிவிட வேண்டியதுதான் என்று முதல்வர் பார்க்கும்போதெல்லாம் ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். "போன வருஷம் படிச்சவங்களுக்கு வேலை கிடைச்சுதா, அதைச் சொல்லுங்க" என்பார். கிடைத்தது என்பாள். எங்கே என்று கேட்பதற்குள் நகர்ந்துவிடுவாள்.

மூன்றாம் வருஷத்தில் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் வகுப்பிலேயே நடித்துப் பார்ப்பார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஒருத்தி மேசையில் உட்காருவாள், இன்னொருத்தி நோயாளியின் சொந்தக்காரி. மின்விசிறி நாலில் ஒன்றுதான் ஓடும். புழுக்கம் தாங்காமல் எல்லோரும் அதன் கீழே கும்பலாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

சொந்தக்காரியாக நடிக்க எப்போதும் நெட்டைதான் முன்னால் வருவாள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், அதற்கேற்ற குரல். அன்று அவளுக்கு எதிரே மேசையில் உட்கார்ந்தவளுக்கு வகுப்பு வைத்த பெயர் மைக். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது என்பதால் வந்த பெயர்.

"எங்க அம்மாவுக்கு பெட் இருக்கா இல்லையா, அதைச் சொல்லு!" என்று நெட்டை மேசையில் ஓங்கி அடித்தாள்.

மைக்கின் உதடு அசைந்தது.

"என்ன சொன்னே?"

"இல்லைன்னு சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னே, மேசைகிட்டயா?"

வகுப்பு சிரித்தது. மைக்கும் சிரித்தாள், ஆனால் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. ஆசிரியை எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"இங்க பாருங்க. இல்லைன்னு சொல்றது பாதி வேலைதான். அதை யார் வேணா சொல்லிட்டுப் போயிடலாம். சொல்லிட்டு ஓடாம இருக்கறதுதான் மீதி வேலை. அவங்க திட்டுவாங்க. திட்டட்டும். என்ன நடக்குதுன்னு நீங்களா போய்ச் சொல்லிக்கிட்டே இருங்க. புதுசா ஒண்ணும் இல்லைன்னாலும் போய், புதுசா ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம், தெரிஞ்சவங்க, வேண்டியவங்க, பெரிய இடம்னு யார் வந்தாலும் படுக்கை டாக்டர் சொல்ற வரிசையிலதான். அதை மாத்தினா அப்புறம் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது."

இதை அவள் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதே அலுப்பாக இருந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

*

பயிற்சி ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அந்த வட்டாரத்தில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் பெரிய ஆஸ்பத்திரி அது ஒன்றுதான். அதனால் அங்கே நடக்கும் சில விஷயங்களை ஆசிரியை கண்டும் காணாமல் இருந்தாள். படுக்கை ஒதுக்கும் மேசையில் இருந்த சம்பள ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வேறு ஆள் போடாமல், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளையே மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். 'கத்துக்கறதுக்கு நல்ல இடம் மேடம்' என்றார் மேற்பார்வையாளர். கற்றுக்கொள்ள நல்ல இடம்தான், சொல்லிக் கொடுக்க யாராவது பக்கத்தில் இருந்தால். அதைச் சொல்ல வாயெடுத்து, துறையை நினைத்துக்கொண்டு மூடிவிட்டாள்.

அன்று மதியம் மழை வருவதுபோல இருட்டிக்கொண்டு, வராமல், காற்றே இல்லாமல் கிடந்தது. அவள் கல்லூரியில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கணவன் போனில் கூப்பிட்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவன். சாதாரணமாக வேலை நேரத்தில் கூப்பிடமாட்டான்.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குது. படுக்கவே முடியலைங்கறார். உக்காந்தாலும் இழுக்குது."

"முகம் எப்படி இருக்கு?"

"வேர்த்துக் கொட்டுது. நான் முதலாளி வண்டியில கூட்டிட்டு கிளம்பிட்டேன். எங்க போறது?"

அவள் யோசிக்கவே இல்லை. பயிற்சி நடக்கும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். பக்கம் என்பது ஒன்று. அங்கே நம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. அப்போது அது அவளுக்கே தெரியவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது மாமனார் அவசர சிகிச்சைப் பகுதியின் நடையில் தள்ளுகட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தை இறுக்கி மூச்சுக் கருவியின் மாஸ்க். அச்சகத்தில் பெரிய இயந்திரங்களோடு காலமெல்லாம் நின்றதில் அவருக்குக் காது மந்தம். அதனால் உலகத்தில் எல்லோருக்கும் காது கேட்காது என்ற எண்ணத்தில்தான் பேசுவார். மருமகளைப் பார்த்ததும் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "காலேஜுக்கு லீவு சொல்லிட்டியா?" என்று கத்தினார். நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கைத் திரும்பப் பொருத்தினாள்.

அங்கிருந்த இளம் டாக்டர் நின்றபடியே சொன்னாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இதயம் பலவீனமா இருக்கு. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. மருந்து போட்டாச்சு, கொஞ்சம் தாங்கறார். ஆனா ஐ.சி.யூ.ல வெச்சுப் பாக்கணும். இங்க எங்களால ஒரு அளவுக்குத்தான் பாக்க முடியும். பெட் கேட்டிருக்கேன். நீங்களும் மேசையில கேளுங்க."

மேசை அந்த நடையின் கோடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் மைக் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு தொலைபேசி, ஒரு கணினி. ஆசிரியையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"மேடம், உங்க வீட்டுத் தாத்தாவா? பேரைப் பாத்தப்பவே நினைச்சேன்."

"மாமனார்மா. ஐ.சி.யூ. பெட் என்ன நிலைமை?"

மைக்குக்குக் கணினியைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இருந்தாலும் பார்த்தாள்.

"ஒண்ணு காலியா இருக்கு மேடம். ஆனா பிடிச்சு வெச்சிருக்கு. வேற ஆஸ்பத்திரியிலேருந்து ஒருத்தங்களை அனுப்பறாங்க. ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு."

"ஐ.சி.யூ. டாக்டருக்கு இவர் விஷயம் தெரியுமா?"

"எமர்ஜென்சி டாக்டரே பேசினாங்க மேடம். ரெண்டு பேர் விவரமும் கேட்டுட்டுத்தான், வர்றவங்க முதல்னு சொன்னார். தாத்தா மாஸ்க்ல கொஞ்சம் தாங்குவார், அவங்க தாங்க மாட்டாங்கன்னார். சொல்லிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போயிட்டார். அடுத்த பெட் எது காலியானாலும் தாத்தாவுக்குத்தான்."

ஒரு குறையும் சொல்ல முடியாத பதில். வகுப்பாக இருந்தால் கைதட்டச் சொல்லியிருப்பாள்.

அதற்குள் கணவன் பின்னாலேயே வந்துவிட்டான். அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"காலியா இருக்கா? காலியா இருக்கிற பெட்டைக் காலியாவே வெச்சுட்டு எங்கப்பாவை நடையில போட்டு வெச்சிருக்கீங்களா?"

"சார், அது வேறொருத்தருக்கு..."

"எங்க அவங்க? காட்டு, பாப்போம். இங்க இருக்கிற மனுஷனுக்கு இல்லை, எங்கயோ ரோட்டுல வர்றவங்களுக்கு இருக்கு. இது என்னம்மா நியாயம்?"

மைக் அவனைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். நெட்டையோடு நடித்த நாளில் இருந்த அதே வியர்வை கழுத்தில்.

மேலே ஐ.சி.யூ.வில் இருக்கும் நர்ஸ்களுக்கு இந்த மேசையின் சொல்தான் கணக்கு. பிடித்து வைத்ததை விட்டாயிற்று, கீழே இருந்து ஆள் வருகிறார் என்று ஒரு போன் போனால், யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். டாக்டர் வெளியே வருவதற்குள் மாமனார் அந்தப் படுக்கையில் இருப்பார். படுத்தவரை யாரும் எழுப்பி அனுப்பப் போவதில்லை. இந்த வேலையின் ஓட்டை உடைசலெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

"வர்றவங்க வரட்டும். வந்தப்புறம் அவங்களுக்கு வழி பாக்கலாம். இப்போ மேல ஒரு போன் பண்ணி, பிடிச்சு வெச்சதை விட்டாச்சுன்னு சொல்லிடும்மா."

இதைச் சொன்னது கணவன் இல்லை. ஆசிரியை.

மைக்கின் கை தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடம்," என்றாள். வழக்கத்தைவிடச் சன்னமாக. "என்கிட்ட அப்படிக் கேக்காதீங்க மேடம்."

*

நடையில் உட்கார ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு குடும்பம் சாப்பாட்டு மூட்டையோடு இருந்தது. கணவனும் மனைவியும் தள்ளுகட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். வெளியே மழை இன்னும் வந்தபாடில்லை. ஜன்னல் வழியாக வெந்நீர் ஆவிபோலக் காற்று வந்தது.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட படிக்கிறவதானே?" என்றான் கணவன்.

"ஆமா."

"நல்லா சொல்லிக் கொடுத்திருக்கே."

அவள் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"இத்தனை வருஷமா அந்த ஆஸ்பத்திரி, இந்த ஆஸ்பத்திரின்னு பிள்ளைங்களை அனுப்பறே. ஞாயித்துக்கிழமைகூட வீட்டுல இருக்கறதில்லை. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா உதவும்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஒரு பெட். ஒரு பெட் வாங்கித் தர முடியலை உன்னால."

"கேட்டேனே. உங்க எதிர்லதானே கேட்டேன்."

"கேட்டே. அவ மாட்டேன்னா, சரின்னு வந்துட்டே. கண்டிச்சுச் சொல்ல வேண்டாமா? நீ மார்க் போடறவதானே அவளுக்கு?"

மார்க் போடுகிறவள் கேட்டதால்தான் அந்தக் கை மடிக்குப் போனது என்று சொன்னால் இவனுக்குப் புரியாது. தனக்கே அது முழுதாகப் புரிந்ததா என்பதும் சந்தேகம்தான்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மைக் எழுந்து வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் பெட் ஆகலை சார். வார்டுக்கு மாத்தற மாதிரி யாராவது இருக்காங்களான்னு மேல கேட்டிருக்கேன்" என்றாள். கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பிப் போனாள். மறுபடியும் வந்தாள். "யாரையும் மாத்த முடியாதுன்னுட்டாங்க சார். பக்கத்து ஆஸ்பத்திரியிலயும் விசாரிச்சேன், அங்கயும் இல்லை." மறுபடியும் வந்தாள். "புதுசா ஒண்ணும் இல்லை சார்."

"இல்லைன்னா எதுக்கும்மா வர்றே?" என்று கணவன் சீறினான். "இல்லை இல்லைன்னு சொல்லத்தான் உனக்குச் சம்பளமா?"

சம்பளமே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

கிழவர் அவளைக் கொஞ்ச நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். மாஸ்க்கைத் தூக்கி, "இந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"பெட் இல்லை தாத்தா," என்றாள் மைக்.

"ஆங்?"

"பெட் இன்னும் வரலை தாத்தா."

"என்னம்மா, வாயை அசைக்கிறே, சத்தம் வரலையே. சாப்பிடலையா நீ?"

மைக் மூச்சை இழுத்துக்கொண்டாள். "பெட் இல்லை தாத்தா! காலியானா உங்களுக்குத்தான்! நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினாள். மூன்று வருஷத்தில் வகுப்பில் யாரும் கேட்டிராத குரல். நடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். பெஞ்சில் இருந்த குடும்பம் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"அப்படிச் சொல்லு," என்றார் கிழவர். "அதுக்கு ஏன் ரகசியம் பேசறே?" மாஸ்க்கைத் தானே பொருத்திக்கொண்டார்.

ஆசிரியைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

அதற்குப் பிறகுதான் மாமனாரின் உதடு நிறம் மாறியது. தோளும் கழுத்தும் சேர்ந்து ஏறி இறங்கின. கைவிரல்கள் கட்டிலின் கம்பியைத் தேடிப் பிடித்தன. டாக்டர் ஓடிவந்தாள். ஊசி, காற்றின் அழுத்தம், இன்னொரு நர்ஸ். "நீங்க தள்ளி நில்லுங்க" என்றார்கள். கணவன் தள்ளி நின்றான். பெரிய ஆள், கண்ணாடிப் பொடி படிந்த சட்டையோடு, எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். பிறகு மனைவியைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். கெஞ்சுகிற பார்வை அது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அவள் மேசையை நோக்கி நடந்தாள். இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. 'பொறுப்பு என்னோடது. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. போனை எடு.' அவ்வளவுதான். அந்தப் பெண்ணால் அதைத் தாண்ட முடியாது என்பதும் தெரிந்தே போனாள்.

மேசை முன்னால் போய் நின்றாள். மைக் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆசிரியை வாயைத் திறந்தாள்.

தொலைபேசி அடித்தது.

மைக் எடுத்தாள், கேட்டாள். "வந்துட்டாங்களா? சரி. நேரா மேல கொண்டுவரச் சொல்லுங்க, லிஃப்டைப் பிடிச்சு வெக்கிறேன்." வைத்துவிட்டு எழுந்து, ஆசிரியையின் பக்கத்து வழியாகவே லிஃப்டுக்கு ஓடினாள்.

வாசல் கதவு விரியத் திறந்தது. தள்ளுகட்டிலில் ஒரு பெண். நடுவயதுகூட இருக்காது. வாயில் குழாய். ஆம்புலன்ஸில் வந்த ஊழியர் ஓடிக்கொண்டே கையால் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார். பின்னால் ஒரு ஆள், தோளில் பெண்கள் மாட்டும் கைப்பை, கையில் ஒரு ஜோடி செருப்பு. யாரும் அதைக் கீழே வைக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்படியே பிடித்துக்கொண்டு ஓடினான். லிஃப்ட் மூடியது.

ஆசிரியை திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

*

மருந்து கேட்டதோ, அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய உடம்போ, மாமனார் அந்த இழுப்பைத் தாண்டிவிட்டார். மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. "இப்பவும் ஐ.சி.யூ. வேணும்தான்" என்றாள் டாக்டர். "ஆனா பயம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

சாயங்காலம் மழை ஒருவழியாக வந்தது. நடையெல்லாம் ஈரக்கால் தடம். துடைக்கிற அம்மா யாரையோ திட்டிக்கொண்டே துடைத்தாள். அப்போது மைக் வந்தாள். அவள் நடந்து வந்த விதத்திலேயே ஆசிரியைக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சார், பெட் ஆயிருச்சு. சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. கொஞ்ச நேரத்துல தாத்தாவை மேல கொண்டுபோயிடலாம்."

கணவன் முகம் மலர்ந்தது. அன்று முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "அப்பாடா. யாரும்மா, டிஸ்சார்ஜ் ஆனாங்களா?"

"காலியாச்சு சார்," என்றாள் மைக். அதற்கு மேல் சொல்லவில்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்கள். மேலிருந்து வந்த லிஃப்ட் திறந்தது. உள்ளே அந்த ஆள் மட்டும் நின்றான். தோளில் கைப்பை. செருப்பை இப்போது மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். வெளியே வரவேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. கட்டிலையும் அதில் சாய்ந்திருந்த கிழவரையும் பார்த்தான். பிறகுதான் வழிவிட வேண்டும் என்று புரிந்து, "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வெளியே வந்தான்.

கணவன் கட்டிலைத் தள்ளவில்லை. அந்த ஆள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். லிஃப்ட் கதவு இரண்டு தடவை மூடப் பார்த்தது. வார்டுபாய், "சார், போலாமா?" என்றான்.

"அவங்கதானா?" என்று கணவன் மெல்ல மனைவியைக் கேட்டான்.

அவள் தலையசைத்தாள்.

"நீங்க அப்பாகூடப் போங்க," என்றாள். "நான் வரேன்."

*

மைக் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் மாலை முறைக்கு நெட்டை வந்துவிட்டாள். தன் பை பக்கத்தில் இருந்தும் மைக் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஆசிரியை போய் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். முழங்கால் கடக்கென்றது.

"தாத்தாவைச் சேத்தாச்சா மேடம்?"

"சேத்தாச்சு."

மைக் பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"மேடம், அந்த அம்மா கொஞ்ச நேரம்தான் மேல இருந்தாங்க."

"தெரியும்."

"சார் சொன்னது சரிதானோன்னு இருக்கு. தாத்தாவை முதல்லயே ஏத்தியிருந்தா தாத்தா இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார். அவங்க எப்படியும்..." என்று நிறுத்தினாள்.

"எப்படியும்னு அப்போ யாருக்குத் தெரியும்? டாக்டருக்கே தெரியாது. அவங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்துச்சு. அது கிடைச்சுது. அவங்க வீட்டுக்காரர் நடையில போட்டு வெக்காம பெட்ல வெச்சுப் பாத்தாங்கங்கற நினைப்போட போவார். அவ்வளவுதான் நம்மால செய்ய முடிஞ்சுது."

சொல்லிவிட்டு, இதையும் வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறோம் என்று அவளுக்குத் தன்மீதே அலுப்பு வந்தது.

மைக் தலையைக் குனிந்துகொண்டாள். "அது இல்லை மேடம் எனக்கு. நீங்க ரெண்டாவது தடவை வந்து நின்னீங்களே. அப்போ நீங்க இன்னொரு தடவை கேட்டிருந்தா நான் போன் பண்ணியிருப்பேன். கண்டிப்பா பண்ணியிருப்பேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. நீங்க கேக்கலை. நான் தப்பிச்சேன்."

அப்படியே விட்டுவிடலாம். அந்தப் பெண் அவளை நல்லவளாக நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். மதியத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத உடம்பு, விட்டுவிடு என்றுதான் சொன்னது.

"கேக்கத்தான் வந்தேன்மா," என்றாள் ஆசிரியை. "வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள உன் போன் அடிச்சிருச்சு."

மைக் நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஆசிரியை அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"முதல் தடவை கேட்டதே தப்பு. உனக்கு மார்க் போடற இடத்துல இருந்துக்கிட்டு கேட்டேன். நீ தனியா உக்காந்திருந்தே. பக்கத்துல ஒரு ஆள் இருந்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன், தைரியம் வந்திருக்காது. உங்களைத் தனியா உக்கார வெக்கிறாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

மைக் அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆசிரியை அவள் முதுகில் கையை வைத்தாள். அது அவளுக்குப் பிடிக்குமா என்று சந்தேகமாக இருந்தது. மைக் அதைத் தட்டிவிடவில்லை.

"உன்னை அந்த மேசையிலேருந்து எடுத்துடறேன். வேற இடத்துல போடச் சொல்றேன்."

"வேண்டாம் மேடம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்னை எடுத்தா வேற யாரையாவது தனியா உக்கார வெப்பாங்க. ரெண்டு பேரா உக்கார வெக்கச் சொல்லுங்க."

மேலே இருந்து காலடிச் சத்தம் கேட்டது. கணவன் படியில் இறங்கி வந்தான். அவர்களைப் பார்த்ததும் நின்றான். என்னமோ சொல்ல வந்தவன்போல மைக்கைப் பார்த்தான்.

"மாஸ்க்கைக் கழட்டிட்டு அப்பா உன்னைத்தான்மா கேட்டார்," என்றான் கடைசியில். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு."

"இல்லை சார். மதியம் மேசையைப் பாத்துக்க வேற ஆள் இல்லை."

"வா. கீழ கேன்டீன் மூடறதுக்குள்ள போயிடலாம்." மனைவியையும் பார்த்தான். "நீயும் வா."

*

மறுநாள் மைக் வரவில்லை. ஆசிரியை மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தாள். மாமனாரைப் பற்றி அவர் அக்கறையாக விசாரித்தார். அவள் விஷயத்துக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஆள் பஞ்சம் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். என் பிள்ளைங்க அந்த மேசையில தனியா உக்கார மாட்டாங்க. ரெண்டு பேர். கூட உங்க ஆள் ஒருத்தர் கூப்பிடற தூரத்துல இருக்கணும்."

"இப்படியெல்லாம் நிபந்தனை போட்டா அடுத்த வருஷம் பிள்ளைங்களை எடுக்கறது சிரமமாயிடும் மேடம். மேல கேப்பாங்க."

"எடுக்காதீங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் முதல்வர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. துறை, வகுப்பறை, ஓடாத மின்விசிறிகள் எல்லாம் வந்தன. மேற்பார்வையாளர் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். கடைசியில் இரண்டாவது நாற்காலிக்குச் சம்மதித்தார். ஆஸ்பத்திரி ஆள் பற்றி, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அடுத்த வருஷத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் மாமனாரை வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சியில் உப்பில்லை என்று அவர் போட்ட சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. அவருக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு மதியம் ஆசிரியை வந்தாள். கணவன் முந்தின இரவு கண்விழித்ததில் வார்டு வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரவு அவள் இருக்க வேண்டும். காலையில் முதல் வகுப்பு இருந்தது. நினைக்கும்போதே கால் கனத்தது.

மாடிப்படியில் ஏறும்போது மேசையைப் பார்த்தாள். மைக் வந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் நெட்டை, மேசைக்குள் அடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு. மைக் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து ஒரு வாய் எடுக்கப் போனாள். அப்போது ஒரு அம்மாள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து மேசையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டாள். மைக் கையில் எடுத்ததைப் பாக்ஸிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

"நீ உக்காந்து சாப்பிடு," என்றாள் நெட்டை, எழுந்துகொண்டே. "சொல்லுங்கம்மா."

மைக் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆசிரியை துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டு மீதிப் படிகளை ஏறினாள்.